பத்து நாள் மௌனமா, வாசல் புங்கையா?

ஊரிலிருந்து வந்திருந்த அத்தை ஒரு நாள் காலையில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தப் புங்கை எப்பப் பூக்கும்?" என்று கேட்டார். 11 வருடமாக அந்த மரத்தடியில்தான் வண்டியை நிறுத்துகிறேன். சீட்டில் கிடக்கும் பூவைத் துணியால் தட்டிவிட்டுத்தான் எத்தனையோ நாள் கிளம்பியிருக்கிறேன். அது எந்த மாதம், இலை உதிர்வதற்கு முன்பா பின்பா, எத்தனை நாள் பூக்கிறது, எதுவும் தெரியவில்லை. "வெயில் காலத்துல அத்தை" என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கு அன்று முழுக்க அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. மரத்தையே பார்க்கவில்லை என்றால் வேறு எதை எல்லாம் பார்க்காமல் விட்டிருப்பேன்?

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. நிதானமாக இருக்கவும் கண்ணெதிரே இருப்பதைக் கவனிக்கவும் பழக வேண்டும் என்று அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன். போன வாரம் அலுவலகத்தில் ஒரு பெண் அதே ஏக்கத்தோடு வந்து உட்கார்ந்தாள். "அக்கா, மத்தியானம் என்ன சாப்பிட்டேன்னு சாயங்காலம் ஞாபகம் இருக்க மாட்டேங்குது. பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கு லீவு போடட்டுமா, இல்ல ஏதாவது தியான ஆப்ல ஆரம்பிக்கட்டுமா?" டீ இடைவேளைக்குள் சொல்லி முடிகிற பதிலாக அது இல்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிடும்போது நான் பார்த்தது இரண்டே விஷயம். ஆரம்ப உற்சாகம் வடிந்த பிறகும், சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில், குக்கர் விசிலுக்கு நடுவே அந்தப் பழக்கம் நிற்கிறதா? அது நம் கண்ணுக்கு என்ன கற்றுத் தருகிறது?

விபாசனா

மூச்சையும் உடம்பின் உணர்ச்சிகளையும் கவனிக்கும் இந்தத் தியானத்தைப் பரப்பிய எஸ்.என். கோயங்கா பர்மாவில் பிறந்து வளர்ந்தவர். ரங்கூனில் ஊ பா கின் என்ற அரசு அதிகாரியிடம் தியானம் கற்று, 1969-இல் இந்தியா வந்து முகாம்கள் நடத்தத் தொடங்கினார். மகாராஷ்டிராவில் இகத்புரியில் பெரிய மையம் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குத் திருமுடிவாக்கத்திலேயே ஒன்று உண்டு. எல்லா இடத்திலும் அமைப்பு ஒன்றுதான். பத்து நாள் முகாம், போகவர இரண்டு நாள் சேர்த்தால் 12 நாள் விடுப்பு வேண்டும். தங்கவும் சாப்பிடவும் கட்டணம் கிடையாது. முகாமை முடித்தவர்கள், அடுத்து வருபவர்களுக்காக, விரும்பினால் நன்கொடை தரலாம். கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, பத்தாம் நாள் காலை வரை சக பயிற்சியாளர்களோடு பேச்சில்லை, கண்ஜாடையும் இல்லை. காலை 4 மணிக்கு மணி அடிக்கும், இரவு 9 மணியோடு நாள் முடியும். நடுவில் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும்.

முதல் மூன்று நாள் மூச்சு மட்டும்தான். நாசித் துளைக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடத்தில் காற்று படுவதைக் கவனிக்க வேண்டும். நாலாம் நாள் உடம்பு முழுக்க உணர்ச்சிகளைப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். ஐந்தாம் நாள் மதியம் எனக்கு இடது கன்னத்தில் ஓர் அரிப்பு வந்தது. கை தானாக மேலே போனது, நிறுத்தினேன். அரிப்பு ஊசிமுனை அளவில் இருந்தது. பிறகு எட்டணா அளவுக்குப் பரவியது, சூடானது, துடித்தது, காதுப் பக்கம் நகர்ந்தது. தாங்கவே முடியாது என்று தோன்றிய கட்டத்தில், எங்கே போனதென்று தெரியாமல் போய்விட்டது. நான் எதுவும் செய்யவில்லை. நாற்பது வயதுவரை அரிப்பு வந்தால் சொறியத்தான் வேண்டும் என்று நம்பியிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே விபாசனாவுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஆனால் முகாம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். காலையில் டிபன், மதியத்துக்கு டப்பா, மாமனாருக்கு மாத்திரை, ஒன்பது மணிக்கு பஸ் என்று இருக்கும் வீட்டில் அந்த இரண்டு மணி நேரத்தை நான் ஏழு வாரம் காப்பாற்றினேன். எட்டாம் வாரம் மாலை உட்காருவது நின்றது, பத்தாம் வாரம் காலையும் போனது. குறை பயிற்சியில் இல்லை. அதைத் தாங்குவதற்கு என் அன்றாடத்தில் ஏற்கெனவே ஒரு பழக்கம் வேர் பிடித்திருக்க வேண்டும், அது என்னிடம் இல்லை. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பத்திலேயே அதைத் தெரிவிக்க வேண்டும், மறைக்கக் கூடாது. மனம் ஏற்கெனவே நொறுங்கிக் கிடக்கும்போது பத்து நாள் மௌனம் பாரத்தைக் கூட்டிவிடலாம். அப்படி இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை.

எட்டு வாரப் பயிற்சி, ஆப்

1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட் சின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி எட்டு வாரம் நடக்கும். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் சுமார் 45 நிமிடம். வலியோடும் அழுத்தத்தோடும் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்காக உருவானது. அதனால் முதுகுவலி, தூக்கமின்மை என்று உடம்போடு போராடுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பலூஸ் மைண்ட்ஃபுல்னஸ் என்ற தளத்தில் முழுப் பயிற்சியும் இலவசமாக இருக்கிறது. பாடங்கள் ஆங்கிலத்தில் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரத்தில் ஓர் உலர்திராட்சையை உருட்டிப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெதுவாகச் சாப்பிடச் சொல்வார்கள். திராட்சை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஒரு நெல்லிக்காயை எடுத்துக்கொண்டேன். தோலுக்குள் ஓடும் வெளிர்க்கோடுகளை எண்ணினேன். பல் பட்டதும் நாக்கு சுருங்கியது, காதுக்குக் கீழே தாடை கூசியது. மென்று முடித்து ஒரு வாய் தண்ணீர் குடித்தபோது அந்தத் தண்ணீரின் இனிப்பு தொண்டைவரை போவது தெரிந்தது. சின்ன வயசில் பள்ளிக்கூட வாசலில் தெரிந்த அதே இனிப்பு. இடையில் எவ்வளவோ நெல்லிக்காய் சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் தெரிந்ததில்லை.

ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எதிலிருந்து கண்ணை எடுக்க வேண்டுமோ அதையே கையில் கொடுக்கிறது. "இன்று 43-ஆவது நாள், விட்டுவிடாதீர்கள்" என்று அது நினைவூட்டியபோது எண்ணிக்கைக்காகத்தான் கண்ணை மூடினேன். இரவில் தூக்கம் பிடிக்க ஒரு குரல் துணை வேண்டும் என்பவர்களுக்கு உதவும்.

கோலமும் அருங்காட்சியகமும்

உட்காரவே முடியாதவர்கள் உண்டு. என் அம்மா அப்படி. கண்ணை மூடி உட்காரச் சொன்னால் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிடும். அவர் சிக்குக்கோலம் போடும்போது மட்டும் முகம் வேறாக இருக்கும். ஏழு புள்ளி வைத்து, கம்பி எந்தப் புள்ளிக்கு இடமாக வளைகிறது, எந்தப் புள்ளிக்கு வலமாக, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே எப்படி வந்து சேர்கிறது என்று கை ஓடும்போது வேறெதற்கும் இடமில்லை. ஒரு புள்ளி தவறினால் கம்பி திறந்து நின்றுவிடும், தவறு உடனே தெரியும். கைவேலையில் மனம் அடங்குகிறவர்கள் வேறெங்கும் தேட வேண்டாம். ஸ்டிக்கர் கோலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மாவைக் கையில் எடுத்தால் போதும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன், இதற்கு மாதம் ஒரு நாள் போதும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்துக்குப் போய் ஒரே ஒரு சிலை முன்னால் இருபது நிமிடம் நில்லுங்கள். நியூயார்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஓர் ஓவியத்துக்கு முன்னால் சராசரியாக 27 நொடிதான் நிற்கிறார்கள் என்று 2001-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. எழும்பூரில் இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரி சிலை முன்னால் நானும் முதலில் அவ்வளவுதான் நின்றிருப்பேன். இருபது நிமிடம் என்று முடிவுசெய்து நின்ற நாளில், ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் கைகளை எண்ணத் தோன்றியது. மூன்று. வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் உமைக்கு ஒன்று. பிறகு ஆடையைப் பார்த்தேன். ஒரு தொடையோடு நின்றுவிடும் ஆடை, மறு காலில் கீழ்வரை இறங்குகிறது. ஓர் உடம்பின் நடுவே கோடு எதுவும் போடாமல் அந்தச் சிற்பி இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறார். முன்பு மூன்று முறை அந்தக் கூடத்தைக் கடந்து போயிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, வேறு நாளில் காலையிலேயே போனால் கூட்டம் இருக்காது.

பறவை

ஐந்து வருடத்தில் என்னை அதிகம் சந்தோஷப்படுத்தியதும், ஒரு கட்டத்தில் வழி தவற வைத்ததும் பறவைதான். தொடங்குவது சுலபம். மொட்டை மாடியில் ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டது, காதில் கேட்டது எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய இபேர்ட் தளத்தில் அதைப் பதிவேற்றலாம். பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகப் பறவைக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியாவும் இருக்கிறது. பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டிலும் ஒரு கணக்கெடுப்பு நடக்கும். எல்லாப் பறவையையும் எழுத வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அதுதான் இதில் உயிர்நாடி. காகத்தையும் எண்ண வேண்டும். எண்ண ஆரம்பித்த பிறகுதான் காகத்தில் இரண்டு வகை என்பதே எனக்குத் தெரிந்தது. கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது ஒன்று, உடம்பு முழுக்கக் கருப்பாக, பருத்த அலகோடு இருக்கும் அண்டங்காக்கை இன்னொன்று.

தவிட்டுக்குருவிகளை வெறும் இரைச்சல் கூட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் ஏழு குருவிகள் கீழே சருகைப் புரட்டிக்கொண்டிருந்தன. எட்டாவது மட்டும் மதில்மேல் உட்கார்ந்து தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தது, இரையைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழிருந்து ஒன்று மேலே வந்தது, மதில்மேல் இருந்தது இறங்கிச் சாப்பிடப் போனது. காவல் மாற்றிக்கொள்கின்றன. என் வீட்டு மதிலில், தினமும், நான் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடும் அதே நேரத்தில்.

பைனாகுலர் இல்லாமலே ஆறு மாதம் ஓட்டலாம். பிறகு வாங்குவதென்றால் 8x42 என்று எழுதியது போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். சில ஆயிரம் ரூபாய் ஆகும். பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் ஆப்பை மட்டும் முதல் மூன்று மாதம் தொடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் திரையில் வந்த நொடியே காது வேலையை நிறுத்திவிடுகிறது. நான் அதைத்தான் செய்தேன். அதற்குமேல் பட்டியல் ஆசையும் பிடித்துக்கொண்டது. இரண்டாம் வருடம் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் என்று ஒவ்வொரு ஞாயிறும் புதுப் பறவைக்காக அலைந்தேன். வேடந்தாங்கலில் நூற்றுக்கணக்கில் கூழைக்கடா கூடு கட்டிக்கொண்டிருந்தபோது, "இது ஏற்கெனவே லிஸ்ட்ல இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளில்தான் எங்கேயோ தவறுகிறது என்று புரிந்தது. எண்ணிக்கையில் சீக்கிரம் மயங்குகிற சுபாவம் உங்களுக்கு இருந்தால் பறவையை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மரம்

கடைசியில் அத்தையின் கேள்விக்கே திரும்பினேன். 40 பக்க நோட்டு, ஒரு பென்சில். தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், ஞாயிறு மட்டும் கால் மணி நேரம். ஒரே மரத்தை வாரம்தோறும் பார்த்து இலை, பூ, காய் எவ்வளவு என்று பதிவு செய்யும் சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம் இந்தியாவில் இருக்கிறது. அதன் கேள்விகளையே என் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டேன். தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, மலர்ந்த பூ, பிஞ்சு, முற்றிய காய். ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று ஏதாவது ஒன்று. எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். "அழகாக இருந்தது" என்று எழுதிய நாட்களில் நான் பார்க்கவே இல்லை என்பது பிறகு நோட்டைப் புரட்டும்போது தெரிந்தது.

முதல் வாரத்தில் ஒரு காம்பில் ஐந்தோ ஏழோ சிற்றிலை, நுனியில் ஒன்று தனியாக என்று எழுதினேன். மூன்றாம் வாரம் எழுத ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. பலரும் விட்டுவிடுவது அங்கேதான். அந்தச் சலிப்பைத் தாண்டினால் மாசிக் கடைசியில் இலை மஞ்சளாகி ஒரு வாரத்துக்குள் கொட்டுகிறது. மரம் மொட்டையாக நிற்பது சில நாள்தான், முழுசாகக் காய்வதற்குள் தளிர் வந்துவிடுகிறது. முதலில் செம்புநிறம், பிறகு எண்ணெய் தடவியதுபோல் மின்னும் இளம்பச்சை. போன வருடத்துக் காய்ந்த காய்கள் அப்போதும் கிளையில் தொங்குகின்றன. அடுத்து மொட்டு, அடுத்து வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூ. அதிகாலையில் வண்டிச் சீட்டில் பொரி கொட்டியதுபோல் கிடக்கும். இப்போது அதைத் தட்டிவிடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்கிறேன். அவரைப் பூவின் அதே அமைப்பு, அளவில் சின்னது.

நோட்டு வைத்திருப்பதில் வலியும் உண்டு. கம்பியில் இடிக்கிறது என்று ஒரு நாள் ஆட்கள் வந்து தெருப்பக்கக் கிளைகளை வெட்டிப் போட்டுவிட்டார்கள். முன்பாக இருந்தால் வெயில் கூடிவிட்டது என்று மட்டும் உணர்ந்திருப்பேன். இப்போது, முதலில் தளிர்விடும் கிளை அதுதான் என்று தெரிந்திருந்ததால் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அலுவலகப் பெண்ணுக்கு என் பதில் இதுதான்: மரத்தில் தொடங்கு. லீவு வேண்டாம், காசு வேண்டாம், வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மாடிவீடு என்றால் ஜன்னலில் தெரியும் மரம் போதும், பஸ் நிறுத்தத்து மரமும் போதும். மூன்று மாதம் நோட்டு நிற்காமல் ஓடினால், பிறகு பத்து நாள் முகாமுக்கு எழுதிப் போடு. நான் வரிசையை மாற்றிச் செய்தேன். முகாமிலிருந்து திரும்பியபோது பிடித்துக்கொள்ள எனக்குத் தினசரி ஐந்து நிமிடம்கூடப் பழகியிருக்கவில்லை. நோட்டு இரண்டு வருடம் ஓடிய பிறகு காலையில் இருபது நிமிடம் உட்காருவது தானாகத் திரும்பி வந்தது, இன்றுவரை நிற்கிறது. முதுகுவலிக்காரர்களுக்கும் கைவேலையில் மனம் அடங்குகிறவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தாது, அவர்களுக்கு உரியதை மேலே சொல்லிவிட்டேன்.

போன வைகாசியில் புங்கை இலைகளின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வெட்டியதுபோல் வட்டமாகத் துண்டுகள் காணாமல் போயிருந்தன. புழு கடித்தால் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. யார் என்று பார்க்க வேண்டும் என்று மூன்று வாரம் காலையில் நின்றேன். 19-ஆம் நாள் ஒரு சின்னத் தேனீ வந்து இலையோரத்தில் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்தது. வாயால் கத்தரித்துக்கொண்டே வட்டமாகச் சுற்றியது. பத்து எண்ணுவதற்குள் துண்டு கழன்றது. அதை வயிற்றோடு மடித்துக் கட்டிக்கொண்டு பறந்துவிட்டது. இலைவெட்டும் தேனீ, பொந்துக்குள் இலையைச் சுருட்டி அதில்தான் முட்டையிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பொந்து எங்க இருக்கு?" என்றார்.

அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுப் பழைய மரச்சட்டத்தில் ஆணி பிடுங்கிய துளை ஒன்று இருக்கிறது. நேற்று காலை 7.40-க்கு அதன் வாயில் கொஞ்சம் பச்சை தெரிந்தது.